பாதி இலையில் எழுந்த மாமனார்

புதிதாகப் படித்து முடித்த டாக்டரை விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. அதிலும் அவர் பல் டாக்டராக இருந்துவிட்டால் பந்தியில் பரிமாற விடவே கூடாது. இது நான் அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த டாக்டர் நான்தான் என்பதால் யாரும் இதை மறுத்துப் பேச முடியாது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், அது முடிந்தால் மிளகாய். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் ஒரு நோய், வயிற்றுப்போக்கு ஒரு நோய். பல் சமாச்சாரம் நோயில் சேர்த்தியே இல்லை. ஈறில் ரத்தம் வந்தால் உடம்பில் சூடு என்பார்கள். பல் ஆடினால் வயசாகிவிட்டது என்பார்கள். வலி தாங்காவிட்டால் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் புகையிலை. அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் திட்டுவது. இப்படிப்பட்ட ஊரில் அய்யா, அதாவது என் அப்பா, என்னைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். "நல்லாப் படிக்கிற புள்ளய முழு டாக்டருக்குப் படிக்க வைக்காம வாய்க்கு மட்டும் படிக்க வச்சிட்டீகளே" என்று அவரிடம் துக்கம் விசாரித்தவர்கள்கூட உண்டு.

கல்லூரியில் ஒரு பேராசிரியை ஈறு நோயைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இருதய நோயும் அதிகமாகக் காணப்படுகிறது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் இதுதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, யாரையும் பயமுறுத்தாதீர்கள்" என்றும் சொன்னார். முதல் பாதி என் மனதில் கல்வெட்டாகப் பதிந்தது. இரண்டாம் பாதி சொல்லும்போது நான் எழுதிக்கொண்டிருந்தேனா, தூங்கிக்கொண்டிருந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

விளைவு, படிப்பு முடித்த அந்த வருடம் நான் ஊருக்கு வந்தாலே ஜனங்கள் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பஸ் கண்டக்டர் சிரித்தால் எனக்கு அவருடைய ஈறு தெரியும், டிக்கெட் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே, "சித்தப்பா, கொஞ்சம் வாயத் தொறங்க" என்பேன். திறந்தால் போச்சு, பேச்சை ஈறிலிருந்து நெஞ்சுவலி வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வேன். எங்கள் அம்மாவே நான் இருக்கும்போது கொட்டாவி விடப் பயந்தார். (பாவம், முதுகைக் காட்டிக்கொண்டு விடுவார்.)

அய்யா மட்டும் மாட்டவில்லை. அவர் சிரித்தாலும் பேசினாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். பெரிய படிப்புப் படித்த மகளுக்கு முன்னால் அய்யா காட்டும் கூச்சம் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். வயலுக்குப் போனால் பத்தடிக்கு ஒரு தரம் வரப்பில் உட்கார்ந்து மிளகாய்ச் செடியைத் தடவிப் பார்ப்பார். என்ன அக்கறையான விவசாயி என்று அதற்கும் பெருமைப்பட்டேன். அந்த வயதில் எனக்குப் பெருமைப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பல் பிரிவில் எனக்கு உதவி டாக்டர் வேலை கிடைத்த கையோடு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை சரவணன், மண்டபத்தில் கடல் ஆராய்ச்சி வேலை. மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவருக்கும் மனிதரின் வாயைத் திறந்து பார்ப்பவளுக்கும் பொருத்தம் பிரமாதம் என்று தரகர் சொன்னார். திருவாடானைப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது மாமா, ஆள் தேர் மாதிரி இருப்பார். எப்போதும் வெற்றிலை. அவர் சிரித்தால் எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஓடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் ஆகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பித்தண்ணியோடு சரி. சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அன்றைக்கு எல்லாம் பேசி முடிந்து மாமா, "அப்பறம் என்ன, எலையப் போடுங்க" என்று சொன்னதும் எங்கள் அம்மா அடுப்படியில் நின்று அழுதுவிட்டார். கறிச்சோறு தயாராக இருந்தது. மாமா, அவருக்குப் பக்கத்தில் அய்யா என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். மருமகள் கையாலேயே பரிமாறட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா, என் வருங்கால அத்தை, ஆசையாகச் சொன்னார். அந்த ஆசைக்காக அத்தை பிறகு எவ்வளவு வருந்தியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மாமா ஒரு எலும்பை நன்றாகக் கடித்து உறிஞ்சிவிட்டு இலை ஓரத்தில் வைத்தார். நான் குழம்பு வாளியோடு குனிந்தேன். எலும்பில் ரத்தம். குழம்பின் சிவப்பா, ரத்தச் சிவப்பா என்று கண்டுபிடிக்கத்தானே என்னை இவ்வளவு காலம் படிக்க வைத்தார்கள்? நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவர் எதற்கோ சிரித்தார். ஈறு வீங்கி, பழுத்து, பல்லை விட்டு இறங்கிப்போயிருந்தது.

நல்ல பெண் என்றால் குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்திருப்பாள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"மாமா, ஒங்க ஈறுல சீழ் வச்சிருக்கு. இத இப்பிடியே விட்டா ரத்தத்துல கலந்து நேரா இருதயத்துக்குத்தான் போகும். எப்ப வேணாலும் ஹார்ட் அட்டாக் வரலாம்."

பந்தி முழுக்க மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. நல்ல காரியம் நடக்கிற வீட்டில், கை நனைக்கிற நேரத்தில், வரப்போகிற மருமகள் மாமனாருக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவர் வாயால் கெட்டேன். எங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். சரவணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வலையில் இதுவரை பார்க்காத மீன் ஒன்று விழுந்தால் பார்க்கிற பார்வை அது.

மாமா கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார். எழுந்தார். பாதி இலையில் எழுவதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு வீட்டுக்குச் செய்ய முடியாது. அவரோடு மொத்தப் பந்தியும் எழுந்தது. அண்டா நிறையக் கறி அப்படியே இருந்தது. அத்தை வாசலில் செருப்பை மாட்டும்போது, "பொண்ணு வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அய்யா என்னைத் திட்டவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மீதி வைத்துப் போன இலைகளை ஒரு கையால் ஒவ்வொன்றாக எடுத்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேராசிரியையின் பாடத்தை ஒப்பித்துத் தப்பித்திருப்பேன்.

சம்பந்தம் முறிந்தது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்ட நேரத்தில் மாமாவிடமிருந்து போன் வந்தது. எனக்கு அல்ல, அய்யாவுக்கு. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லையாம். நெஞ்சில் கைவைத்தால் அடிக்கிறதாம். (அடிக்காவிட்டால்தானே பிரச்சினை?) வெற்றிலையைத் தொடவே பயமாக இருக்கிறதாம். மதுரைக்குப் போய் நெஞ்சைக் காட்ட வேண்டும், துணைக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக மாட்டார்கள். ஒரு ஆள் துணைக்குப் போயே ஆகவேண்டும். அதற்குச் சொந்தத்தில் ஆளா இல்லை? "ஒங்க மக வச்ச தீ, நீங்கதான் வந்து அணைக்கணும்" என்றாராம். அய்யா அன்றைக்கே வேட்டி துவைத்துப் போட்டுவிட்டார். மாமாவுக்கு நெஞ்சு நன்றாக இருந்தால் சம்பந்தமும் நன்றாகிவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

இருவரும் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார்கள். நான் கீழே பல் பிரிவில் இருந்தேன். இருதயப் பிரிவு மாடியில். அவர்கள் கண்ணில் படக் கூடாது என்று ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை. மாமா தன் தேர் உடம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். அய்யா பின்னால். அதற்குமேல் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

நடந்ததை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். நெஞ்சு காளை மாட்டு நெஞ்சு, ஒரு குறையும் இல்லை, ஆனால் ஈறு மோசம், கீழே போய்க் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்கு அடுத்தவர் மேலும் அக்கறை வரும். அப்போதுதான் படியில் பார்த்தது ஞாபகம் வந்திருக்கிறது.

"டாக்டரய்யா, இவரயும் ஒருக்காப் பாருங்க. படியேறையில அங்கன அங்கன ஒக்காந்து ஒக்காந்து வந்தாரு. கேட்டா வேட்டிய இறுக்கிக் கட்டுறேன்னு சொல்றாரு. வேட்டி அம்புட்டுத் தடவயா அவுரும்?"

அய்யா மறுத்திருக்கிறார். நான் துணைக்கு வந்த ஆள், எனக்கு எதற்கு என்று எழுந்துகூட விட்டார். மாமா தோளை அழுத்தி உட்கார வைத்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லையாம். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று மட்டும் கேட்டாராம்.

மாமா மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்தபோது, திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "மேல வா தாயி, அய்யாவ படுக்க வச்சிருக்காக" என்றார்.

எப்போதோ வந்த காய்ச்சலில் அய்யாவின் இருதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. அந்த மிளகாய்ச் செடியைத் தடவுகிற அக்கறை எல்லாம் மூச்சு வாங்குவதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி ஜோசியம் சொல்லித் திரிந்தவள் வீட்டிலேயே இருந்த நோயைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகைக்குக் கணக்கில்லை.

இதற்கிடையில் ஊரில் செய்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது மாமா என்று வேறு மாதிரிப் பரவியது. பந்தியில் நான் சொன்ன வாக்குதான் எல்லாருக்கும் தெரியுமே. அதனால் "சொன்ன மாதிரியே ஆயிருச்சு" என்று சனங்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு திருவாடானைப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். அத்தை வாசலில் நின்று, எம் புருசன் கல்லு மாதிரி இருக்காரு என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. தைரியமாகப் பேசுகிறாள் பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பழத்தை வைத்துவிட்டுப் போனார்களாம். கடைசியில் அத்தை அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். மூட்டையை அய்யாவின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது ஒங்களுக்கு வரவேண்டியது, வழி மாறி எங்க வீட்டுக்கு வந்திருச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாப்பிட்டியா என்று கேட்டார். பாதி இலையில் எழுந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தீர்ந்துபோனது. (கோபப்பட வேண்டியது அவர்கள் அல்லவா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.)

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். அதற்கு முன்னால் வாய் சுத்தமாக வேண்டும். ஈறில் கெட்டுப்போனது இருந்தால் அங்கிருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறிப் போய்ப் புது வால்வில் உட்கார்ந்துகொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. பல் பிரிவில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நான் கத்தியை எடுப்பேன் என்றார். பழைய வால்வு கெட்டதற்கும் ஈறுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார். ஆக மாமா விஷயத்திலும் என் பிரசங்கம் தப்பு, அய்யாவின் விஷயத்திலும் தப்பு. ஆனால் இனிமேல் வரக்கூடிய ஆபத்துக்கு மட்டும் அது சரி.

அய்யா வாயைத் திறக்கவில்லை. பல் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். என் சீனியர் டாக்டர் கேட்டுப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தார். நாள் போய்க்கொண்டிருந்தது; அய்யாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது; படுத்தால் மூச்சு முட்டியது. பொறுமை இழந்து நான் கத்தியே விட்டேன். ஊரில் அத்தனை பேரும் என்னிடம் வாயைத் திறந்தார்கள், பெற்ற மகளிடம் உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டேன்.

அவர் என்னைத் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கதவு சாத்திய பிறகுதான் பேசினார்.

"நீ படிச்சு முடிச்சு வந்ததும் காட்டணும்னுதான் ஆத்தா இருந்தேன். வந்ததும் நீ ஊரயே வஞ்சுக்கிட்டுத் திரிஞ்ச, அவன் ஈறு சரியில்ல, இவன் பல்லு சரியில்லன்னு. பல்லு டாக்டரு அப்பனுக்கே பல்லெல்லாம் ஆடுதுன்னு தெரிஞ்சா ஒங்கிட்ட எவன் வருவான்? ஒன் பொழப்புக் கெட்டுப்போயிரும்ல."

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

கீழ் முன்பற்கள் நாலும் நூலில் தொங்குவதைப் போல நின்றன. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் மனிதர் எனக்காக விருந்தில் கறி சாப்பிடுவதாகப் பாவனை செய்திருக்கிறார். வெறும் குழம்பை ஊற்றிப் பிசைந்து விழுங்கியிருக்கிறார். அவருடைய இலையையும் நான்தான் பார்த்துப் பரிமாறினேன். மாமாவின் எலும்பைப் பார்த்த கண், பக்கத்து இலையில் எலும்பே இல்லாததைப் பார்க்கவில்லை.

இருதய டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்துவிட்டு, ஈறைச் சுத்தம் செய்து, ஆடுகிற பற்களை எடுக்க வேண்டும் என்று முடிவானது. சீனியர்தான் எடுப்பதாக ஏற்பாடு. அய்யா ஒத்துக்கொள்ளவில்லை, எம் மக எடுக்கட்டும் என்றார். சீனியர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைச் செய்யச் சொன்னார். அதுவரை நான் பிடுங்கிய பற்கள் எல்லாம் அந்நியர்களுடையவை. இடுக்கியை எடுத்தேன், கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, துணைக்கு நான் இருக்கிறேன் என்று உள்ளே வந்து நின்ற மாமா முதல் பல் வெளியே வந்ததும் ரத்தத்தைப் பார்த்து மயங்கிச் சுவரோடு சரிந்தார். இரண்டு நர்சுகளும் அவரைத் தூக்கப் போய்விட்டார்கள். மீதிப் பற்களை நானும் சீனியரும் அய்யாவும்தான் பார்த்துக்கொண்டோம். அய்யா வலியில் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

வால்வு மாற்றி அய்யா நல்லபடியாக ஊர் திரும்பினார். வரப்பில் உட்காராமல் கடைசி வரைக்கும் நடந்தார் என்று அம்மா போனில் சொன்னபோது நான் ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் அழுதேன். அடுத்த தை மாதம் எனக்கும் சரவணனுக்கும் கல்யாணம். கல்யாணப் பந்தியில் மாமா முழு இலையும் சாப்பிட்டு, இன்னொரு தரம் சோறு வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி இலையை மூடினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. என்னைப் போகவும் விடவில்லை.

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் அத்தை வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். "நோயாளி யாரு, தொணை யாருன்னு அங்கன போனாத்தான் தெரியும். ரெண்டு பேரும் நல்ல துணியா உடுத்திட்டுப் போங்க" என்பார். எத்தனை முறை கேட்டாலும் மாமா சுவரில் பல்லி ஓடும்படி சிரிப்பார். ஈறு இப்போது தேவலை. வெற்றிலையை விட்டுவிட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

நான் ராமநாதபுரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்துவிட்டேன். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. ஒரு நாள் சிக்கல் பஸ்ஸில் வந்த ஒருவர், பிறகு அவர் மனைவி, பிறகு அவர்கள் தெருவே என்று வர ஆரம்பித்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து காட்டினார் என்றார்கள். அய்யா போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி, கீழ் உதட்டை இழுத்துக் காட்டி, "எம் மக புடுங்குனது. வலியே தெரியல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பல் போன அந்த இடத்தில் மாட்டிக்கொள்ள நான் என் கையாலேயே நல்லதாக ஒரு பல் செட் செய்து கொடுத்திருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். சாப்பிடும்போது மட்டும் மாட்டுவார். ஏன் அய்யா இப்படிப் பொக்கையாகத் திரிகிறீர்கள், எனக்குத்தானே கேவலம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"இத மாட்டிக்கிட்டா நீ புடுங்குனது எப்பிடித் தெரியும்?" என்றார்.